நற்பெயர்: ரூ. 0.00

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் ஒரு சின்ன பூகம்பம்.

நான் மாடி வராந்தாவில் நின்றுகொண்டு பழைய ஆபீஸ் நண்பனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். நான் சொன்னது இவ்வளவுதான்: "நேத்து ராத்திரி ஒயின் போட்டேன்டா. முதல்ல கொஞ்சம் தடுமாறிச்சு. அப்புறம் பாரு, ரெண்டு மணி வரைக்கும் ரயில் ஓட்டினேன்!"

என் மாமனார் கூட்டுறவு சங்கங்களில் முப்பது வருஷம் தணிக்கை பார்த்து ரிட்டையர் ஆனவர். காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. டம்ளரைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்துவிட்டு, மிகவும் தணிந்த குரலில், "மாப்ளே, மனசுல கவலை ஏதாவது இருந்தா எங்கிட்ட சொல்லலாமே" என்றார்.

அவரை உட்காரவைத்து விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. ஒயின் என்பது ஒரு சாஃப்ட்வேர். விண்டோஸுக்காக எழுதிய புரோகிராம்களை லினக்ஸில் ஓட வைக்கும். ரயில் என்பது 'ரெயில்ரோடு டைகூன் 2' என்ற விளையாட்டு. தண்டவாளம் போட்டு, சரக்கு ஏற்றி, கடன் பத்திரம் வெளியிட்டு, கடைசியில் அடுத்தவன் கம்பெனி ஷேரை அமுக்க வேண்டும். பி.காம். படித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு கிடையாது.

"லினக்ஸ்னா?"

"விண்டோஸ் மாதிரிதான் மாமா. கம்ப்யூட்டரையே ஓட்டற அடிப்படை சாஃப்ட்வேர். ஆனா விலை கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்குன்னு யாரும் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். ஓப்பன் சோர்ஸ்."

(இதைத் தமிழில் 'திறந்த மூலம்' என்கிறார்கள். ஆபீஸில் ஒருமுறை அப்படிச் சொல்லப் போய், பக்கத்து சீட்காரர் மிகுந்த அக்கறையோடு ஒரு டாக்டரின் விலாசம் கொடுத்தார். ஓப்பன் சோர்ஸ் என்றே வைத்துக்கொள்வோம்.)

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருஷம் எத்தனையோ செக்ரட்டரிகளை வியர்க்க வைத்திருக்கும் சைகை அது.

"விலை இல்லையா? அப்போ எழுதினவன் எப்படிச் சாப்பிடறான்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக அவருக்கு ஒரு கம்பெனியின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

* * *

முதலில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போவோம்.

ஒரு விளையாட்டை ஒரு சமையல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைதேர்ந்தவர். ஆனால் ஆயுசு முழுக்க ஒரே மண்டபத்தில் சமைத்தவர். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் புளி இருக்கும். 'அண்டாவைக் கொண்டா' என்றால் எந்தப் பையன் ஓடி வருவான் என்று தெரியும். அந்த மண்டபத்தின் பெயர் விண்டோஸ். படம் வரைய, சத்தம் எழுப்ப எல்லாவற்றுக்கும் அங்கே 'டைரக்ட்எக்ஸ்' என்று ஒரு ஸ்டோர் ரூம்.

இப்போது இவரைக் கூட்டிக்கொண்டு போய் லினக்ஸ் மண்டபத்தில் விடுகிறீர்கள். பழக்கதோஷத்தில் கையை நீட்டுகிறார். புளி இருக்க வேண்டிய இடத்தில் பினாயில்.

இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, சமையல்காரரை உட்காரவைத்துப் புது மண்டபத்துக்குப் பழக்குவது. அதாவது விளையாட்டின் மூல நிரலை உரியவரிடமிருந்து வாங்கி, வரி வரியாகத் திருத்துவது. இதுதான் 'போர்ட்டிங்'. ரொம்பப் பொறுமை வேண்டிய வேலை. உதாரணத்துக்கு ஒன்று: ஒரு ஃபைலின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சின்ன எழுத்தில் எழுதினாலும் விண்டோஸ் கண்டுகொள்ளாது. கிராமத்து போஸ்ட்மேன் மாதிரி. ராமசாமியோ இராமசாமியோ, கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். லினக்ஸ் அப்படியில்லை, பேங்க் கவுன்ட்டர். ஒரு எழுத்து மாறினாலும் 'அப்படி ஒரு ஆளே இல்லை சார்' என்று திருப்பி அனுப்பிவிடும். ஆயிரக்கணக்கான ஃபைல்கள் உள்ள விளையாட்டில் எத்தனை ராமசாமிகள் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது வைத்தியம், சமையல்காரரை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு கெட்டிக்காரப் பையனை நிறுத்துவது. அவர் 'புளி' என்று கையை நீட்டுவார். பையன் புது ஸ்டோரிலிருந்து எடுத்து அதே இடத்தில் வைப்பான். தான் வேறு மண்டபத்தில் இருப்பதே அவருக்குக் கடைசி வரை தெரியாது. அந்தப் பையன்தான் ஒயின். 1993-ல் பிறந்தான். 1994-லிருந்து அவனை வளர்த்து வருபவர் அலெக்ஸாண்டர் ஜூலியார் என்கிற புரோகிராமர். முழுமையான முதல் பதிப்பு என்று 1.0 வெளியானது 2008-ல். பதினைந்து வருஷம்! நம் ஊர் மேம்பாலங்களைக் குறை சொல்லுமுன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

லினக்ஸில் விளையாட்டு என்பது ஆரம்பத்தில் வியாபாரமே இல்லை, காதல். 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் கம்பெனி 'டூம்' என்ற துப்பாக்கி விளையாட்டை வெளியிட்டது. மறு வருஷமே அந்தக் கம்பெனியின் டேவ் டெய்லர் அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். காசுக்காக அல்ல, லினக்ஸ் பிடித்திருந்தது என்பதற்காக. ஆனால் காதலுக்கும் பலன் உண்டு. 1997-ல் டூமின் மூல நிரலை உலகத்துக்கே கொடுத்துவிடலாம் என்று கம்பெனி தீர்மானித்தபோது ஒரு சிக்கல். டாஸ் பதிப்பின் சத்தத்துக்கான பகுதி வேறொருவர் சொத்து, கொடுக்க முடியாது. லினக்ஸ் பதிப்பில் அந்த வில்லங்கம் இல்லை. அதையே கொடுத்தார்கள்!

காதலைக் கல்யாணமாக்கப் பார்த்தவர் ஸ்காட் டிரேக்கர். கலிஃபோர்னியாவில் சாஃப்ட்வேர் உரிமங்களைக் கவனித்துவந்த வக்கீல். 1998 நவம்பரில் டஸ்டின் என்ற ஊரில் 'லோகி சாஃப்ட்வேர்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். லோகி என்பது வடக்கு ஐரோப்பியப் புராணங்களில் சேட்டைக்காரத் தெய்வம். தொழில் திட்டம் எளிமையானது: விண்டோஸில் நன்றாக ஓடும் விளையாட்டின் உரிமையைக் காசு கொடுத்து வாங்கு, லினக்ஸுக்கு மாற்று, பெட்டியில் போட்டு விற்பனை செய்.

முதல் சரக்கு 1999-ல் வந்தது: 'சிவிலைசேஷன்: கால் டு பவர்'. அதே வருஷம் அக்டோபரில் அட்லாண்டாவில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் இவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ரகசியமாகப் பூட்டி வைத்திருந்த அந்த விளையாட்டின் மூல நிரலைத் தேர்ந்தெடுத்த புரோகிராமர்களிடம் கொடுத்து, '48 மணி நேரம் டைம், இஷ்டப்படி மாற்றிக் காட்டுங்கள்' என்று போட்டி வைத்தார்கள். பாதாம் அல்வாக் கடையில் ராத்திரி பூட்டி வைத்தால் நமக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்திருக்கும் அவர்களுக்கு!

மூன்று வருஷத்தில் கிட்டத்தட்ட இருபது விளையாட்டுகள். குவேக் 3, சிம்சிட்டி 3000, ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3, ஆல்ஃபா சென்டாரி, நான் ராத்திரி இரண்டு மணி வரை ஓட்டிய அதே ரயில். எல்லாம் பெரிய பெயர்கள். வேலைத் தரத்தை யாரும் குறை சொல்லவில்லை.

2001 ஆகஸ்டில் திவால் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு கேட்டார்கள். 2002 ஜனவரியோடு கடையை மூடினார்கள்.

ஏன்? வணிகவியல் படித்தவன் என்ற ஒரே தகுதியில் பேரேட்டைப் பிரிக்கிறேன்.

பற்றுப் பக்கம்: உரிமைக்குப் பணம், புரோகிராமர்களுக்குச் சம்பளம், பெட்டி, சிடி, கடைக்காரர் கமிஷன். எல்லாம் முன்பணம். வரவுப் பக்கம்: வீட்டில் லினக்ஸ் வைத்திருந்த கொஞ்சம் பேர். அவர்களிலும் பெரும்பாலோர் அதே கம்ப்யூட்டரில் விண்டோஸையும் வைத்திருந்தார்கள். விண்டோஸ் பெட்டி முதலில் கடைக்கு வரும். லினக்ஸ் பெட்டி வரப் பல வாரம், சில சமயம் பல மாதம் ஆகும். ஆடித் தள்ளுபடியில் பக்கத்துக் கடையில் புடவை தொங்கும்போது, 'நம்ம கடைக்கு ஐப்பசியில் வரும், காத்திருங்கள்' என்றால் எத்தனை பேர் காத்திருப்பார்கள்? குவேக் 3 விஷயத்தில் இன்னும் மோசம். விண்டோஸ் சிடியை வாங்கியவர்களே லினக்ஸுக்கான ஃபைலை மட்டும் இன்டர்நெட்டில் இறக்கி ஓட்டிக்கொள்ள முடிந்தது.

சரக்கு நல்லது. சம்சாரம் பெரிது. வாடிக்கை சின்னது. ஆட்டம் குளோஸ்.

* * *

"அவ்வளவுதானா?" என்றார் மாமனார். திவால் கதைகள் அவருக்குப் புதிதல்ல.

அவ்வளவுதான் இல்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

லோகியில் தலைமைப் புரோகிராமராக இருந்தவர் சாம் லாண்டிங்கா. 1998-ல் அவர் எஸ்டிஎல் என்று ஒன்று எழுதியிருந்தார். நம் மண்டப பாஷையில் சொன்னால், எந்த மண்டபத்துக்குப் போனாலும் செல்லுபடியாகிற பொதுப் பேச்சு. சமையல்காரர் அதை ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும். புளி எங்கே இருக்கிறது என்ற கவலை எஸ்டிஎல்லுக்கு. லோகியின் விளையாட்டுகள் இதை நம்பித்தான் ஓடின. சத்தத்துக்காக ஓப்பன்ஏஎல் என்று இன்னொன்று லோகியில் உருவாயிற்று. லினக்ஸில் விளையாட்டு எழுதுவது எப்படி என்று 2001-ல் ஒரு புத்தகமே வந்தது. விளையாட்டுகள் மட்டும்தான் விலைக்கு. இந்தக் கருவிகளெல்லாம் ஓப்பன் சோர்ஸ், எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கடை மூடியபோது பெட்டிகள் தள்ளுபடிக்குப் போயின. கருவிகள் போகவில்லை. விலையில்லாத சாமானை ஜப்தி செய்து என்ன பிரயோஜனம்? லாண்டிங்கா வேறு கம்பெனிக்குப் போனார், எஸ்டிஎல்லையும் விடவில்லை. லோகியில் வேலை பார்த்த ரயன் கார்டன் என்பவர் தனி ஆளாக நின்று 'அன்ரியல் டோர்னமென்ட் 2004' உட்பட ஏகப்பட்ட விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றினார்.

2010-ல் 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்று ஒரு விற்பனை. இஷ்டப்பட்ட விலை கொடுத்து ஐந்தாறு விளையாட்டுகளை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். லினக்ஸ்காரர்கள் ஓசி கிராக்கிகள், பத்து பைசா போடுவார்கள் என்றுதான் ஊரே நினைத்தது. சராசரியாக விண்டோஸ்காரர்களைவிட அதிகம் கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஓசிச் சாப்பாட்டுக்குப் பழகினவன்தான் சமையல்காரர் பசியை யோசிக்கிறான் போலிருக்கிறது.

அப்புறம் வால்வ் கம்பெனி வந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் 'ஸ்டீம்' என்ற மிகப் பெரிய கடை இவர்களுடையது. 2012-ல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 8-க்குள் சொந்தமாகக் கடை திறக்கப் போகிறது என்றதும் வால்வ் தலைவர் கேப் நியூவெல் வெளிப்படையாகவே கவலைப்பட்டார். வாடகைக் கட்டடத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவனுக்கு, வீட்டுக்காரரே கீழே மளிகைக் கடை திறந்தால் எப்படி இருக்கும்? மாற்று இடம் தேட ஆரம்பித்தார்கள். அது லினக்ஸ். அந்த வருஷம் வேலைக்குச் சேர்த்துக்கொண்டவர்களில் ஒருவர், நம்ம சாம் லாண்டிங்கா. 2013 பிப்ரவரியில் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது.

2018 ஆகஸ்டில் 'புரோட்டான்'. வேறொன்றுமில்லை, நம் ஒயின் பையனுக்கு நல்ல சட்டை போட்டு ஓட்டப் பயிற்சி கொடுத்தது. டைரக்ட்எக்ஸ் படம் வரையச் சொல்லும் கட்டளைகளை லினக்ஸுக்குப் புரிகிறபடி மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற பகுதியும் இதில் உண்டு. அதை எழுதியவர் பிலிப் ரெபோல். எதற்காக? 'நியர்: ஆட்டோமேட்டா' என்ற விளையாட்டை லினக்ஸில் விளையாட ஆசைப்பட்டார், அவ்வளவுதான். ஆசை பெரிதானதும் வால்வ் அவருக்குக் காசு கொடுத்து வேலையைத் தொடரச் சொன்னது. 2022 பிப்ரவரியில் 'ஸ்டீம் டெக்' என்ற கையடக்க விளையாட்டு இயந்திரம் வந்தது. உள்ளே ஓடுவது லினக்ஸ். விளையாடும் பையன்களில் பலருக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஏமாற்று வேலையைத் தடுக்கக் கடுமையான காவலாளி வைத்திருக்கும் சில ஆன்லைன் விளையாட்டுகள் மட்டும் இன்னும் வாசலிலேயே நிற்கின்றன.

வால்வ் ஜெயித்து லோகி தோற்றதற்குக் காரணம் புத்திசாலித்தனம் அல்ல மாமா, வரவுக் கணக்கு வேறு என்றேன். லோகி, பழக்கிய சமையல்காரரை விலைக்கு விற்றது. வால்வ் பழக்குவதை இலவசமாகச் செய்கிறது. விற்கிற ஒவ்வொரு இலைக்கும் பொதுவாக 30 சதவீதம் கமிஷன் எடுக்கிறதே!

இதில் ஒரு வேடிக்கை. லோகி அன்றைக்கு உயிரைக் கொடுத்து லினக்ஸுக்கு மாற்றிய பதிப்புகள் இன்றைய லினக்ஸில் லேசில் ஓடாது. சுற்றியிருக்கும் சாமான்கள் அத்தனை மாறிவிட்டன. அதே ரயிலின் விண்டோஸ் பதிப்பை ஒயினில் போட்டால் ஜம்மென்று ஓடுகிறது. உழைத்துக் கட்டிய வீடு இடிந்துவிட்டது, அதற்காகச் செய்த கொத்துக் கரண்டி மட்டும் ஊர் முழுக்க வேலை செய்கிறது.

* * *

"சரி, உங்க நண்பர் எதுக்குப் போன் பண்ணினார்?" என்றார் மாமனார். ஆடிட்டர் எந்த வவுச்சரையும் விடமாட்டார்.

அதையும் சொன்னேன். பத்து வருஷம் முன்னால் நானும் இந்த நண்பனும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தோம். அவன் புரோகிராமர், நான் கணக்கு. பில்லில் தொகையைத் தமிழில் எழுத்தால் அச்சடிக்க ஒரு சின்ன புரோகிராம் தேவைப்பட்டது. ஆயிரம் எப்போது 'ஆயிரத்து' ஆகும், நூறு எப்போது 'நூற்று' ஆகும் என்று நான் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன், அவன் நிரலாக்கினான். முதலாளியைக் கேட்டுக்கொண்டு அதை ஓப்பன் சோர்ஸாகப் போட்டுவிட்டோம்.

2018-ல் கம்பெனியை மூடினார்கள். எனக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. பங்குதாரர்கள் பிரியும்போது ஒருவர், 'நற்பெயருக்கு என்ன போடலாம்?' என்று கேட்டார். காலேஜில் படித்த சராசரி லாப முறைப்படி மூன்று வருஷத்தைக் கூட்டி வகுத்தேன். மூன்றும் நஷ்டம். என் கையாலேயே டைப் அடித்தேன்: 'நற்பெயர்: ரூ. 0.00'. அன்றைக்கு பஸ்ஸில் வீடு திரும்பும்போது, நாலு வருஷம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்பன் போன் பண்ணியது ஒரு பில்லைப் பற்றி. கொழுந்தியா கல்யாணத்துக்குத் திருநெல்வேலி பக்கம் போன இடத்தில், ஒரு ஹார்டுவேர் கடையில் குழாய் வாங்கியிருக்கிறான். பில்லின் அடியில் அச்சாகியிருந்ததாம்: 'ரூபாய் ஆயிரத்து தொன்னூற்று இரண்டு மட்டும்'.

"சரியான ஸ்பெல்லிங் 'தொண்ணூறு'டா" என்றான். "தப்பா எழுதறவன் ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான். ஆனா தப்பாவும் எழுதி, எவனாவது தொகையைத் திருத்திடுவான்னு பயந்து கடைசியில ரெண்டு நட்சத்திரமும் போடறவன் நீ ஒருத்தன்தான்!"

மாமனார் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ராயல்டி ஏதாவது?"

"இல்லை மாமா."

"அந்தச் சம்பள பாக்கி?"

"அதுவும் வரலை."

"இதைப் பேரேட்டுல எழுத முடியாது மாப்ளே" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆனா நான் தணிக்கை பண்ணியிருந்தா, அந்தப் பூஜ்யத்துக்குக் கீழே சிவப்பு மையில ஒரு குறிப்பு எழுதியிருப்பேன்."

அதற்குமேல் அந்தப் பேச்சை வளர்க்க இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்தது. அவர் கேட்காத ஒன்றை நானே ஒப்புக்கொண்டேன். காலேஜில் இதே ரயில் விளையாட்டைப் பிளாட்பாரத்தில் 40 ரூபாய் திருட்டு சிடியில்தான் ஆடினேன். எழுதினவன் எப்படிச் சாப்பிடுவான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இந்த முறை காசு கொடுத்து வாங்கினேன். பதினைந்து வருஷம் தாமதம். ஆனால் பாக்கி வராமல் நின்றவனுக்குத்தான் தெரியும், தாமதமாக வந்தாலும் பணம் பணம்தான்.

"அந்த ரயிலைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார் மாமனார்.

ராத்திரி பதினொன்றரை மணிக்கு மாமியார் எழுந்து வந்து, "இன்னும் தூங்கலையா ரெண்டு பேரும்?" என்றார்.

மாமனார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஒயின் போட்டிருக்கோம். தொந்தரவு பண்ணாதே."